கல்லூரியில் யாரும் கேட்க மாட்டார்கள்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுத்து வருகிறேன். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் இரண்டுதான்: எந்தக் கல்லூரி, எந்தத் துறை. உள்ளே போன பிறகு எப்படி நடந்துகொள்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அதில் கேட்க என்ன இருக்கிறது? பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை கல்லூரியிலும் நன்றாகப் படித்துவிடும், அவ்வளவுதானே என்ற எண்ணம்.

முதல் பருவத் தேர்வு முடிவு வரும்போது பார்த்தால், தடுமாறி நிற்பவர்களில் கணிசமானவர்கள் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். அவர்களுக்குத் திடீரென்று புத்தி மழுங்கிவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது. பள்ளி என்பது கேட்டுக்கொண்டே இருக்கும் இடம். வீட்டுப்பாடம் முடித்தாயா, நேற்று ஏன் வரவில்லை, மதிப்பெண் ஏன் இறங்கியிருக்கிறது, அப்பா அம்மாவை வரச் சொல். கல்லூரி இதில் எதையும் கேட்காது. வருகைப்பதிவு இருக்கலாம், உள்மதிப்பீட்டுத் தேர்வு இருக்கலாம். அவை கணக்கு எழுதிக்கொள்ளுமே தவிர, உங்களை உட்கார வைத்து என்ன ஆச்சு என்று விசாரிக்காது. கல்லூரி பற்றி மாணவர்களிடம் நான் காணும் தப்பெண்ணங்களில் முக்கால்வாசி இந்த ஒரு மாற்றத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை. யாரும் கேட்காததைச் சிலர் விடுமுறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர், இங்கே நம்மைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் வகையினர் பருவத் தேர்வில் மாட்டுவார்கள். இரண்டாவது வகையினர் அதற்கு முன்பே உள்ளுக்குள் ஒடுங்கிப்போவார்கள்.

முதல் ஏமாற்றம் நேர அட்டவணையில் தொடங்குகிறது. பள்ளியில் காலை முதல் மாலை வரை கட்டம் கட்டமாக நிரம்பியிருந்த நாள், இங்கே ஓட்டையாகத் தெரியும். காலையில் ஒரு வகுப்பு, மதியம் ஒன்று, நடுவில் எதுவுமில்லை. ‘கல்லூரின்னா ஜாலிதான்’ என்று யாரோ சொன்னது நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஓட்டைகள் திட்டமிட்டு விடப்பட்டவை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பின்பற்றும் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். அது ஒரு முழுநேர வேலை! அதில் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு சிறு பகுதிதான். அமெரிக்காவில் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்பது பழைய கணக்கு. வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வகுப்பு என்றால் உண்மையில் நாற்பத்தைந்து.

இந்தக் கணக்கை யாரும் முழுதாகக் கடைப்பிடிப்பதில்லை என்பதும் உண்மைதான். பாப்காக், மார்க்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க முழுநேர மாணவர்களிடம் வெவ்வேறு காலங்களில் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டார்கள். 1961-ல் வகுப்பும் படிப்புமாக வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் செலவிட்டவர்கள், 2003-ல் சுமார் 27 மணி நேரத்துக்கு இறங்கியிருந்தார்கள். ஆக, எல்லோரும் குறைவாகத்தான் படிக்கிறார்கள், நான் மட்டும் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் பாடத்திட்டம் எழுதுகிறவர் இன்னமும் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். வகுப்பில் நான் ஒரு சூத்திரத்தைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது, மீதியை நீங்கள் அந்த ஓட்டைகளில் செய்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில். செய்யவில்லை என்றால் மூன்றாவது வாரத்திலிருந்து நான் பேசுவது வேற்றுமொழி மாதிரி இருக்கும். அப்போதும் நான் கேட்க மாட்டேன். வகுப்பில் அத்தனை பேர் இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

சரி, நேரம் ஒதுக்கி உட்காருகிறவர்களின் கதை என்ன? இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. ஏனென்றால் இங்கே மாட்டிக்கொள்பவர்கள் உண்மையாக உழைப்பவர்கள்.

‘நாலு தடவை படிச்சேன் மேடம், தேர்வுல ஒண்ணுமே வரல’ என்பது என் அறையில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பொய்யில்லை. நாலு தடவை படித்திருப்பார்கள். குறிப்பேட்டைப் பார்த்தால் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு போடாத வரி இருக்காது. கஷ்டம் என்னவென்றால், படிப்பது என்றாலே திரும்பத் திரும்ப வாசிப்பது என்று நம்புகிறார்கள். வாசிக்க வாசிக்கப் பாடம் பழகிய முகமாகிவிடுகிறது. பழகிய முகத்தைத் தெரிந்த விஷயம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது.

2006-ல் ராடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு, பிறகு மூன்று முறை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு முறை வாசித்தவர்களே முன்னால்: அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ். வாசித்தவர்கள் 40-க்கு விழுந்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். இன்னொரு விஷயம்: சோதனைக்கு முன்பு, ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு முறை வாசித்தவர்கள்தான். அந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்ப்பது. பள்ளியில் அது பெரிய சேதம் செய்யாது. அங்கே வாராவாரம் யாராவது தேர்வு வைத்துக்கொண்டே இருப்பார்கள். எழுதிப் பார்க்கும் வேலையைப் பள்ளியே உங்களுக்காகச் செய்துவிடும். கல்லூரியில் அதை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எரிச்சலாக இருக்கும், ஒன்றும் வராது, நாம் முட்டாளோ என்று தோன்றும். அந்த எரிச்சல் வரும்போதுதான் வேலை நடக்கிறது.

எளிதாக இருப்பதை நன்றாகப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கோளாறு வகுப்பறைக்குள்ளும் உண்டு. ஹார்வர்டில் முதல்நிலை இயற்பியல் வகுப்பை இரண்டு விதமாக நடத்திப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குத் தேர்ந்த ஆசிரியரின் தங்குதடையற்ற விரிவுரை. இன்னொரு குழுவுக்கு அதே பாடம், அதே கைப்பிரதி. ஆனால் மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குகளோடு முதலில் மல்லுக்கட்ட வேண்டும், பிறகுதான் ஆசிரியர் விடையைக் காட்டுவார். மல்லுக்கட்டியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள். ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டதாம். ஒவ்வொரு வருடமும் மாணவர் கருத்துப் படிவத்தில் ‘மேடம் நேரடியாகப் பாடத்தை நடத்தினால் நன்றாக இருக்கும்’ என்று நாலைந்து பேர் எழுதும்போது இந்த ஆய்வை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

இதெல்லாம் யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை மனதில் நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். அந்தக் கால், அரை எல்லாம் அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல என்றாலும், எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்பே விரிவுரையைக் கால்பங்கில் நிறுத்தியவரின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஒரு பாடத்தை விடுதி அறையில் நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ அந்த இடம் உங்களுக்கும் புரியவில்லை.

இப்போது இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கேள்வியைத் தட்டினால் அழகான விடையை எழுதித் தரும் செயலிகள். அந்த விடையை வாசித்துவிட்டு, ‘ஆமாம், இதைத்தான் நானும் நினைத்தேன்’ என்று தோன்றும். நினைக்கவில்லை. அதே நான்காவது வாசிப்புதான், வேறு உடையில் வந்திருக்கிறது. அதே செயலியிடம் ‘என்னைக் கேள்வி கேள், விடை சொல்லாதே’ என்று சொல்லிப் பயன்படுத்தும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

‘நான் பார்த்துப் படிக்கிற ரகம்’, ‘எனக்குக் கேட்டால்தான் ஏறும்’ என்று ரகம் பிரித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்த ரகத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஹரால்ட் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் அலசி எழுதிவிட்டார்கள். விட்டுவிடலாம்.

தேர்வுக்கு முந்தைய இரவு பற்றியும் ஒரு வார்த்தை. இரவெல்லாம் விழித்திருந்தேன் என்பதை மாணவர்கள் வீரக்கதையாகச் சொல்வார்கள். அதைத் திட்டுகிற பெரியவர்கள், ‘தேர்வுக்கு முந்தின நாளாவது நன்றாகத் தூங்கு’ என்பார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வேதியியல் அறிமுக வகுப்பு மாணவர்களுக்குக் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டை கட்டி ஒரு பருவம் முழுக்கப் பார்த்தார்கள். 2019-ல் வந்த அந்த ஆய்வின்படி, தேர்வுக்கு முந்தைய ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. தேர்வுக்கு முந்தைய ஒரு வாரம், ஒரு மாதம் எப்படித் தூங்கினார்கள் என்பதோடு தொடர்பு இருந்தது. எவ்வளவு நேரம் என்பதோடு, தினமும் ஒரே மாதிரி தூங்கினார்களா என்பதும் கணக்கில் வந்தது. கடைசி இரவில் சரிக்கட்டப் பார்ப்பது தூக்கத்திலும் பலிக்காது போல.

இனி கேட்பதைப் பற்றி. கல்லூரி உங்களைக் கேட்காது என்றேன். ஆனால் நீங்கள் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் பல விஷயங்கள் கேட்காதவர் கண்ணில் படவே படாது.

ஆசிரியர்களுக்கு மாணவர்களைச் சந்திக்கவென்று வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். கதவிலோ பாடத்திட்டத் தாளிலோ எழுதியிருக்கும். அந்த நேரத்தில் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பருவத்தின் முதல் இரண்டு மாதம் ஈ காக்கை வராது. தேர்வுக்கு முதல் நாள் வராந்தா முழுக்கக் கூட்டம். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டால், ‘உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன் மேடம்’ என்பார்கள். மரியாதையால் சொல்வதுதான், சந்தேகமில்லை. ஆசிரியரிடம் போய் நிற்பது படிப்பில் மந்தமானவர்கள் செய்யும் வேலை என்ற நினைப்பும் சிலருக்கு உண்டு. உண்மையில் அடிக்கடி வருபவர்கள் நன்றாகப் படிப்பவர்கள்தான். வந்ததால் நன்றாகப் படிக்கிறார்களா, நன்றாகப் படிப்பதால் வருகிறார்களா என்று பிரிப்பது சிரமம்; இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எளிய குடும்பத்து மாணவர்களோடு பழகி ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆன்டனி ஜாக் இதைக் குறிப்பாகச் சொல்கிறார். இந்த நேரத்தில் ஆசிரியரைப் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகம் அறிவிக்கிறதே தவிர, அது எதற்கு, அங்கே போய் என்ன பேசுவது என்று யாரும் விளக்குவதில்லை. வீட்டில் ஏற்கனவே பட்டம் வாங்கியவர்கள் இருந்தால் இது பேச்சுவாக்கில் காதில் விழுந்திருக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு யார் சொல்வது? எழுதப்படாத விதிகளின் பாரம் எப்போதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன். போகும்போது புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ‘எதுவும் புரியல’ என்று தொடங்கினால் எங்களுக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘இந்த வரி வரை புரிகிறது, இதிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தார்கள்?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாடத்தில் சந்தேகமே இல்லையென்றாலும் போகலாம். இந்தத் துறையில் அடுத்து என்ன படிக்கலாம், நீங்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேட்டால் முகம் மலராத ஆசிரியர் அபூர்வம். மூன்றாம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவீர்கள், இல்லையா? ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளையைப் பற்றி நான் என்ன எழுத? ‘ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்’ என்று எழுதுவேன். அது கடிதமே இல்லை.

முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் அது பொய். அப்படி ஒருவரிடம் மாட்டினால் அடுத்தவரிடம் போங்கள், சீனியரிடம் போங்கள், நூலகரிடம் போங்கள். நூலகர்களைப் போல் வீணாகக் கிடக்கும் உதவி கல்லூரியில் வேறில்லை. ஒரு தலைப்பைச் சொன்னால் எங்கே தேட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டுவார்கள். அவர்கள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து வாங்கி வைப்பவர்கள் மட்டும்தான் என்று நினைத்தே மூன்று வருடத்தை ஓட்டிவிடுபவர்கள் ஏராளம்.

யாரும் கேட்காததை விடுமுறை என்று நினைப்பவர்களைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். ஒடுங்கிப்போகிறவர்களுக்கு வருவோம். இவர்களின் நம்பிக்கை வேறு: ‘மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது. நான் மட்டும் தப்பித் தவறி இங்கே வந்துவிட்டேன். எப்போது கண்டுபிடிப்பார்களோ.’ பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் இதைப் பற்றி எழுதியபோது, அவர்கள் பார்த்தது படிப்பிலும் வேலையிலும் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை. சாதித்தவர்களுக்கே, தாங்கள் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற பயம் இருந்தது. முதலாண்டில் இந்த எண்ணம் வருவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பள்ளியில் முதலாவதாக வந்தவர்களையெல்லாம் ஒரே அறையில் அடைத்தால் அவர்களில் ஒருவர்தான் முதலாவதாக வர முடியும், ஒருவர் கடைசியாகவும் வந்தாக வேண்டும். அறிவு அதேதான் இருக்கிறது, வரிசை மாறிவிட்டது. அதோடு, அவரவர் பயத்தை அவரவர் மறைத்துக்கொள்வதால் அடுத்தவரின் தைரியமான முகம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே எனக்கு முக்கியம். ஓர் அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு, மூத்த மாணவர்கள் சொன்னதாகச் சில அனுபவங்களை வாசிக்கக் கொடுத்தார்கள். சாராம்சம் இவ்வளவுதான்: ஆரம்பத்தில் இது நமக்கான இடமில்லை என்று எல்லோருக்கும் தோன்றும், நாள் போகப் போகச் சரியாகிவிடும். வாசித்துவிட்டு, அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதி, கேமரா முன் பேசவும் செய்தார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. அதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருடங்களில் உயர்ந்தது. அவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. எல்லாக் கல்லூரிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முதல் மாதத்துச் சோர்வை ‘நான் லாயக்கில்லை’ என்று படிப்பதா, ‘முதல் மாதம் இப்படித்தான் இருக்கும்’ என்று படிப்பதா என்பதில் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது.

நட்பும் அப்படித்தான். முதல் வாரத்திலேயே உயிர்த் தோழமை அமைந்துவிட வேண்டும், அமையவில்லை என்றால் மூன்று வருடமும் தனிமைதான் என்று நினைக்கிறார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். முதல் வாரத்தில் அத்தனை மணி நேரம் எங்கே இருக்கிறது? முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு ஒட்டிக்கொண்டு, ஒத்துவரவில்லை என்றாலும் விடமுடியாமல் மூன்று வருடம் இழுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு இரண்டு மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது மேல்.

எந்தத் துறை என்ற கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட முடியாது. பதினேழு வயதில் தேர்ந்தெடுக்கும் பாடம் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிடும் என்ற பயத்தில் சில வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. மருத்துவம், சட்டம் போன்று குறிப்பிட்ட பட்டம் இல்லாமல் தொழிலே செய்ய முடியாத படிப்புகளில் இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. மற்றவற்றில் அவ்வளவு இல்லை. அமெரிக்காவின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் 2017-ல் வெளியிட்ட தகவலின்படி, துறையைத் தேர்ந்தெடுத்துவிட்ட மாணவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் மூன்று வருடத்துக்குள் அதை மாற்றியிருந்தார்கள். கணிதத்தில் தொடங்கியவர்களில் 52 சதவீதம்! பட்டம் வாங்கிய பிறகும் இதே கதைதான். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார அறிஞர்கள் 2010-ம் ஆண்டுத் தரவுகளைப் பார்த்தபோது, படித்த பாடத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வேலையில் இருந்த பட்டதாரிகள் 27 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். எல்லா நாட்டிலும் துறை மாறுவது இவ்வளவு சுலபமில்லை என்பது தெரியும். மாற முடியாத இடங்களில் விருப்பப் பாடங்கள் இருக்கின்றன, மேற்படிப்பு இருக்கிறது.

ஆனால் இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘உன் ஆர்வம் எதுவோ அதைக் கண்டுபிடி’ என்ற அறிவுரையும் எனக்குப் பிடிப்பதில்லை. எங்கோ தயாராக ஒளிந்திருக்கும் ஒன்றைத் தேடி எடுப்பது போல ஒரு பிரமையை அது உண்டாக்குகிறது. ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவர்களுக்குக் கருந்துளைகள் பற்றி ஒரு சுவையான குறும்படம் காட்டினார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிறகு அதே விஷயம் பற்றி ஒரு கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளது, கண்டுபிடிக்கத்தான் வேண்டும் என்று நம்பியவர்களிடம் ஆர்வம் சட்டென்று வடிந்தது. ஆர்வம் வளர்வது என்று நினைத்தவர்களிடம் அவ்வளவு வடியவில்லை. முதல் பருவத்தில் ஒரு பாடம் கடினமாக இருக்கிறது என்பதற்காக ‘இது எனக்கானதில்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது அந்தக் கருந்துளைக் கட்டுரை நினைவுக்கு வரும்.

எந்தக் கல்லூரி என்பதற்குச் சுருக்கமாக. டேல், க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2002-ல், பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாதவர்களையும், போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலோருக்குப் பின்னாளைய வருமானத்தில் வித்தியாசம் இல்லை. எளிய குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் வித்தியாசம் இருந்தது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் உச்சாணிக் கல்லூரிகளில் படிப்பது வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது, ஆனால் சராசரி வருமானத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்றது. பெயர் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் போகப்போவது அப்படி ஒரு கல்லூரி இல்லையென்றால், முதல் இரண்டு தெரிவுகளுக்கு நடுவே மாதக்கணக்கில் குழம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, தோல்வி. ஒரு தாளில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதை வீட்டில் மறைப்பார்கள், ஆசிரியரிடம் மறைப்பார்கள், வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். ஒரு தாள் தோல்வி மூன்று தாள் தோல்வியாக ஆவது இப்படித்தான். கல்லூரிகளில் தோல்விக்கென்றே விதிமுறைகள் இருக்கும். எந்தத் தேதிக்குள் ஒரு பாடத்திலிருந்து விலகலாம், மறுதேர்வு எப்போது, விடைத்தாளை மறுபடி திருத்தக் கேட்கலாமா, உடல்நலம் சரியில்லை என்றால் ஒரு பருவம் இடைவெளி எடுத்துக்கொண்டு திரும்பி வரலாமா, கட்டணம் என்ன ஆகும். இவை எல்லாவற்றுக்கும் கெடுத்தேதி உண்டு. கெடு முடிந்த மறுநாள் அழுதுகொண்டு வரும் மாணவருக்காக நானும் அலுவலகத்தில் போய்ப் பேசிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கெடுவுக்கு முந்தின நாள் வந்திருந்தால் ஒரு படிவத்தோடு முடிந்திருக்கும்.

இந்த விதிமுறைகளைச் சேரும்போதே ஒரு புத்தகமாகக் கொடுத்திருப்பார்கள், அல்லது இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். படித்தீர்களா என்று யாரும் கேட்கப்போவதுமில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் இதற்குச் சரியான நேரம். தொடங்கிவிட்டால் அப்புறம் அதைத் தேடி எடுப்பது, ஏற்கனவே எதிலாவது மாட்டிக்கொண்ட பிறகாகத்தான் இருக்கும்.